தொட்டாலும் கேட்காது, தொடாமலும் ஓடும்: டச் ஸ்க்ரீன் கேள்வி-பதில்

தொடுதிரை பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் பாதிக்கு மேல், "டிஸ்ப்ளேயை மாற்றிவிட வேண்டியதுதானா?" என்றே முடிகின்றன. போனில் செலவு அதிகம் பிடிக்கும் வேலைகளில் டிஸ்ப்ளே மாற்றுவதும் ஒன்று. அதற்குக் கை வைக்கும் முன் செட்டிங்ஸில் பார்க்க வேண்டியது நிறைய இருக்கிறது. மெனு பெயர்கள் கம்பெனிக்குக் கம்பெனி, வெர்ஷனுக்கு வெர்ஷன் இடம் மாறும். நாங்கள் சொன்ன இடத்தில் ஒன்று கிடைக்கவில்லை என்றால், செட்டிங்ஸின் மேலே உள்ள தேடல் கட்டத்தில் அந்தப் பெயரில் ஒரு சொல்லை அடித்தாலே போதும், வந்துவிடும்.

கேள்வி: புதிதாக டெம்பர்டு கிளாஸ் ஒட்டிய நாளிலிருந்து இரண்டு மூன்று முறை அழுத்திக் குத்தினால்தான் போன் கேட்கிறது. டச் போய்விட்டதா?

போகவில்லை. முதலில், அழுத்திக் குத்துவதை நிறுத்துங்கள். இன்றைய போன் திரைகள் அழுத்தத்தை அளப்பதில்லை, விரலின் மின்தன்மையை அளக்கின்றன. கண்ணாடிக்கு அடியில் கண்ணுக்குத் தெரியாத மின்கடத்திக் கோடுகள் வலைபோலக் குறுக்கும் நெடுக்குமாக ஓடுகின்றன. இரண்டு கோடுகள் சந்திக்கும் ஒவ்வொரு இடத்திலும் மிகச் சிறிய மின்தேக்கம் இருக்கும். விரல் பக்கத்தில் வந்தால் அது கொஞ்சம் குறையும். எந்த இடத்தில் குறைந்தது என்று உள்ளே இருக்கும் சிப் நொடிக்கு நூறு முறைக்கு மேல் சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டே இருக்கிறது. அழுத்தும்போது சில நேரம் வேலை செய்வது போலத் தோன்றுவதற்குக் காரணம், விரல்நுனி நசுங்கித் திரையில் படும் பரப்பு கூடுவதுதான்.

இப்போது உங்கள் விரலுக்கும் அந்த வலைக்கும் நடுவே இன்னொரு கண்ணாடி வந்துவிட்டது. விரல் தள்ளிப் போனதால் சிக்னல் பலம் குறைந்துவிட்டது. இதைச் சரிக்கட்டத்தான் செட்டிங்ஸில் ஒரு ஸ்விட்ச் வைத்திருக்கிறார்கள். சாம்சங் போனில் செட்டிங்ஸ், அதில் 'டிஸ்ப்ளே', அதன் கீழ்ப்பகுதியில் 'டச் சென்சிட்டிவிட்டி'. கூகுள் பிக்சலில் டிஸ்ப்ளே பகுதியிலேயே 'ஸ்க்ரீன் ப்ரொடெக்டர் மோட்' இருக்கும். பிக்சல் 9 வரிசையில் 'அடாப்டிவ் டச்' என்ற பெயரில் போனே சூழலுக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளும் வசதி வந்திருக்கிறது. வேறு சில கம்பெனிகள் இதையே 'க்ளவ் மோட்' என்கின்றன. ஐபோனில் இப்படி ஒரு ஸ்விட்ச் கிடையாது.

ஸ்விட்சைப் போட்டும் சரியாகவில்லையா? கிளாஸை ஒட்டிய விதத்தைப் பாருங்கள். ஓரங்களில் மட்டும் பசை உள்ள கிளாஸ் என்றால், நடுவில் மெல்லிய காற்றுப் படலம் நிற்கும். விரலின் மின்தாக்கம் கண்ணாடி வழியாக இறங்கும் அளவுக்குக் காற்று வழியாக இறங்காது. ஓரத்தில் டச் நன்றாக இருந்து நடுவில் மட்டும் மந்தமாக இருந்தால் குற்றவாளி இதுதான். முழுப் பரப்பிலும் பசை உள்ள கிளாஸாக மாற்றுங்கள். தடிமன் 0.33 மி.மீ. அல்லது அதற்குக் கீழே இருந்தால் நல்லது. சந்தேகம் தீர ஒரே வழி, கிளாஸைக் கழற்றிவிட்டு ஐந்து நிமிடம் பயன்படுத்திப் பார்ப்பது. வெறும் திரையில் டச் பழுதின்றி ஓடினால் போனில் குறையே இல்லை.

சென்சிட்டிவிட்டியைக் கூட்டியபின் கிளாஸை எடுத்துவிட்டால், ஸ்விட்சையும் மறக்காமல் அணையுங்கள். வெறும் திரையில் அது போட்டபடியே இருந்தால், பையில் கிடக்கும்போது தானாக டச் விழவும், ஈரத் துளியை விரல் என்று நினைத்துக்கொள்ளவும் வாய்ப்பு கூடும்.

கேள்வி: அதே கிளாஸ் ஒட்டியபின் திரைக்குள் இருக்கும் கைரேகை சென்சாரும் மக்கர் செய்கிறது. இதற்கும் அதே ஸ்விட்ச்தானா?

இல்லை, இது வேறு சென்சார். திரைக்கு அடியில் இருக்கும் கைரேகை சென்சார்களில் ஒரு வகை, திரை வெளிச்சத்தில் விரலைப் படம் எடுக்கிறது. இன்னொரு வகை அல்ட்ராசோனிக். அது ஒலி அலையை அனுப்பி, திரும்பி வருவதைப் படிக்கிறது. முதல் வகைக்குக் கலங்கலான கிளாஸும், பக்கத்தில் இருப்பவருக்குத் திரையை மறைக்கும் பிரைவசி கிளாஸும் எதிரி. இரண்டாம் வகைக்குக் காற்று இடைவெளி எதிரி.

செய்ய வேண்டியது: பழைய கைரேகைகளை அழித்துவிட்டு, கிளாஸ் ஒட்டியிருக்கும் நிலையிலேயே புதிதாகப் பதியுங்கள். கட்டைவிரலை இரண்டு முறை தனித்தனிக் கைரேகையாகப் பதிந்தால் இன்னும் சீக்கிரம் திறக்கும். ஒருமுறை நேராகவும் மறுமுறை சாய்த்தும் வையுங்கள். பதிந்து முடிந்ததும், பதியாத விரல் ஒன்றை வைத்துக் கட்டாயம் சோதித்துப் பாருங்கள். 2019-ல் சாம்சங் கேலக்ஸி எஸ்10 போன்களில் சில சிலிகான் உறைகளைப் போட்டதும் யார் விரல் வைத்தாலும் போன் திறந்துகொண்டது. உறையின் உள்பக்க வடிவத்தையே சென்சார் ரேகை என்று எடுத்துக்கொண்டதுதான் காரணம். அப்டேட் கொடுத்து அதைச் சரி செய்தார்கள். ஆனாலும் சோதித்துப் பார்க்கும் பழக்கம் நல்லது.

கேள்வி: கையுறை போட்டுக்கொண்டு போனைப் பயன்படுத்த முடியுமா?

மெல்லிய துணி அல்லது ரப்பர் கையுறை என்றால், மேலே சொன்ன சென்சிட்டிவிட்டி ஸ்விட்சே போதும். தடித்த தோல், கம்பளிக் கையுறைகளுக்கு அது எட்டாது. அதற்கென்று விரல்நுனியில் மின்கடத்தும் நூல் வைத்துத் தைத்த கையுறைகள் விற்கின்றன. அந்த நூல் உள்பக்கம் உங்கள் தோலைத் தொட்டுக்கொண்டிருந்தால்தான் வேலை செய்யும். தொளதொளவென்று இருக்கும் அளவை வாங்கிவிட்டு வீண் என்று சொல்பவர்கள் அதிகம். விரலோடு ஒட்டிய அளவாக வாங்குங்கள்.

கேள்வி: என் அம்மாவுக்கு 72 வயது. ஒரு ஐகானைத் தொட்டால் ஆப் திறக்காமல் ஐகான் இடம் மாறுகிறது, சில நேரம் அழிந்தும் போகிறது. ஒரே எண் இரண்டு முறை விழுகிறது. எதை மாற்றிக் கொடுக்கலாம்?

இந்தக் கேள்விக்குத்தான் நாங்கள் அதிக இடம் ஒதுக்க விரும்புகிறோம். "உனக்கு போன் பிடிக்கவே தெரியவில்லை" என்று பெரியவர்களைச் சொல்லிவிடுகிறோம். உண்மையில் போன்தான் இருபது வயதுக்காரரின் விரல் வேகத்துக்கு வைக்கப்பட்டிருக்கிறது. அதை மாற்றலாம்.

முதலில் நீண்ட அழுத்தம். அரை நொடிக்கும் குறைவாகவே விரலை வைத்திருந்தால்கூடப் பல போன்கள் அதை 'லாங் பிரஸ்' என்று எடுத்துக்கொள்கின்றன. நிதானமாக விரல் வைக்கும் ஒருவருக்கு அந்த நேரம் போதாது. ஆண்ட்ராய்டில் செட்டிங்ஸ், 'அக்சஸிபிலிட்டி', அதில் 'டச் அண்ட் ஹோல்ட் டிலே' என்று இருக்கும். ஷார்ட், மீடியம், லாங் என்று மூன்று அளவுகள். சாம்சங்கில் இது 'இன்டராக்‌ஷன் அண்ட் டெக்ஸ்டெரிட்டி' என்ற உட்பிரிவில் இருக்கிறது. அங்கே 0.5 நொடி, 1 நொடி, 1.5 நொடி என்று அளவையும் காட்டும். முதலில் 1 நொடி வைத்து இரண்டு நாள் விடுங்கள். போதவில்லை என்றால் 1.5.

இரண்டாவது, ஒரே எண் இரண்டு முறை விழுவது. கை லேசாக நடுங்கினால் விரல் திரையை விட்டு எழுந்து மறுபடி படும். அதை போன் இரண்டு தொடுதலாக எண்ணுகிறது. சாம்சங்கில் அதே பிரிவில் 'இக்னோர் ரிபீட்டட் டச்சஸ்' உண்டு. அதில் வைக்கும் நேரத்துக்குள் விழும் இரண்டாவது தொடுதலை போன் தள்ளிவிடும். அதன் அருகிலேயே 'டாப் டியூரேஷன்' இருக்கிறது. விரல் குறைந்தபட்சம் இவ்வளவு நேரம் பட்டால்தான் தொடுதல் என்று கணக்கில் எடுக்கும். கை தவறிப் படுகிற தொடுதல்கள் இதனால் விலகும்.

ஐபோன் என்றால் செட்டிங்ஸ், 'அக்சஸிபிலிட்டி', 'டச்', 'டச் அக்காமடேஷன்ஸ்'. இங்கே 'ஹோல்ட் டியூரேஷன்' மேலே சொன்ன டாப் டியூரேஷனின் வேலையையும், 'இக்னோர் ரிபீட்' இரண்டாவது தொடுதலைத் தள்ளிவிடும் வேலையையும் செய்கின்றன. மூன்றாவதாக 'டாப் அசிஸ்டன்ஸ்' என்று ஒன்று இருக்கிறது, அருமையான வசதி. விரல் முதலில் பட்ட இடத்தை எடுத்துக்கொள்வதா, விரலை எடுத்த இடத்தை எடுத்துக்கொள்வதா என்று நாமே சொல்லலாம். விரல் வழுக்கிப் போகிறவர்களுக்கு முதல் இடம் பொருந்தும். குறி தவறி வைத்துப் பிறகு நகர்த்திச் சரி செய்கிறவர்களுக்குக் கடைசி இடம்.

இங்கே ஒரு தவறு அடிக்கடி நடக்கிறது. ஹோல்ட் டியூரேஷனை எடுத்தவுடன் ஒரு நொடி, இரண்டு நொடி என்று வைத்துவிடுவார்கள். பிறகு போன் செத்துப்போனது போல நிற்கும். எதைத் தொட்டாலும் அசையாது, அந்த செட்டிங்ஸையே மாற்ற முடியாமல் திணறுவார்கள். மிகச் சிறிய அளவில் தொடங்கி, கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள். ஏற்கெனவே சிக்கிக்கொண்டிருந்தால், வேண்டிய இடத்தில் விரலை அசைக்காமல் அந்த நேரம் முழுவதும் வைத்திருங்கள், கேட்கும்.

ஐகான் அழிவதற்குத் தனி மருந்து இருக்கிறது. சாம்சங் முகப்புத் திரையில் காலி இடத்தில் விரலை ஊன்றி, 'செட்டிங்ஸ்' தொட்டு, 'லாக் ஹோம் ஸ்க்ரீன் லேஅவுட்' போட்டுவிடுங்கள். அதன்பின் எவ்வளவு நேரம் அழுத்தினாலும் ஐகான் நகராது. மற்ற ஆண்ட்ராய்டு போன்கள் பலவற்றிலும் இதே போன்ற பூட்டு உண்டு. டிஸ்ப்ளே பகுதியில் 'டிஸ்ப்ளே சைஸ்' அல்லது 'ஸ்க்ரீன் ஜூம்' ஒரு படி கூட்டினால் பொத்தான்களும் பெரிதாகும். வெறும் எழுத்தளவை மட்டும் கூட்டினால் பொத்தான் பெரிதாகாது என்பதைக் கவனியுங்கள்.

கடைசியாக, அம்மாவின் விரல்நுனி வறண்டிருக்கிறதா? வயதானால் தோலின் ஈரப்பதம் குறையும். காய்ப்பேறிய, வறண்ட விரலை இந்த மின்வலை சரியாக உணராது. நகநுனியால் தட்டாமல் விரலின் சதைப்பகுதி படும்படி தொடச் சொல்லுங்கள். கையில் கொஞ்சம் மாய்ஸ்சரைசர் தடவி, அது நன்றாக ஊறியபின் போனை எடுத்தால் வித்தியாசம் உடனே தெரியும்.

கேள்வி: திடீரென்று போன் பேச ஆரம்பித்துவிட்டது. எதைத் தொட்டாலும் அதைச் சுற்றி ஒரு கட்டம் விழுகிறது, படித்துக் காட்டுகிறது, திறக்க மாட்டேன் என்கிறது. ஸ்க்ரோலும் ஆகவில்லை. ரீஸ்டார்ட் செய்தும் போகவில்லை.

பயப்பட வேண்டாம். பார்வையற்றவர்களுக்கான 'டாக்பேக்' ஆன் ஆகியிருக்கிறது. இரண்டு வால்யூம் பட்டன்களும் ஒன்றாக அழுந்திவிட்டால் அது ஆன் ஆகிவிடும்படி பல போன்களில் ஷார்ட்கட் உண்டு. அதே வழியில் வெளியே வரலாம். இரண்டு வால்யூம் பட்டன்களையும் சேர்த்து 3 நொடி அழுத்திப் பிடியுங்கள்.

அதில் போகவில்லை என்றால், டாக்பேக்கின் மொழியில்தான் பேச வேண்டும். ஒருமுறை தொட்டால் தேர்வு. பிறகு திரையில் எங்கு வேண்டுமானாலும் சடசடவென இரண்டு முறை தட்டினால் திறக்கும். ஸ்க்ரோல் செய்ய ஒரு விரல் போதாது, இரண்டு விரல்களைச் சேர்த்துத் தள்ள வேண்டும். பூட்டுத் திரையையும் இரண்டு விரல்களால் மேலே தள்ளித் திறந்து, பூட்டைத் திறக்கும் பின் (PIN) எண்ணை ஒவ்வொன்றாகத் தொட்டு இருமுறை தட்டுங்கள். இப்படியே செட்டிங்ஸ், 'அக்சஸிபிலிட்டி', 'டாக்பேக்' வரை போய் அணைக்கலாம். அணைத்தபின் அதே பக்கத்தில் உள்ள 'டாக்பேக் ஷார்ட்கட்' ஸ்விட்சையும் அணைத்துவிடுங்கள். இல்லையென்றால் பையிலேயே மறுபடி ஆன் ஆகும்.

ஐபோனில் இதற்குப் பெயர் 'வாய்ஸ்ஓவர்'. பக்கவாட்டுப் பட்டனை மூன்று முறை வேகமாக அழுத்துவது அங்கே ஷார்ட்கட். பழைய மாடலில் ஹோம் பட்டன். ஸ்க்ரோலுக்கு மூன்று விரல்கள். எதுவும் முடியவில்லை என்றால் 'டர்ன் ஆஃப் வாய்ஸ்ஓவர்' என்று குரல் உதவியாளர் 'சிரி'யிடம் சொன்னாலே அணைந்துவிடும்.

கேள்வி: போன் ஹேங் ஆகவில்லை, ஸ்டோரேஜும் காலியாக இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு தொடுதலுக்கும் கண நேரம் யோசித்துவிட்டுத்தான் நகர்கிறது.

அக்சஸிபிலிட்டியில் 'மேக்னிஃபிகேஷன்' பக்கத்தைத் திறந்து பாருங்கள். ஷார்ட்கட்டாகத் திரையை மூன்று முறை தட்டுவது தேர்வாகியிருந்தால் காரணம் கிடைத்துவிட்டது. நீங்கள் ஒருமுறை தட்டியதும், இரண்டாவதும் மூன்றாவதும் வருமா என்று போன் காத்திருக்கிறது. வரவில்லை என்று உறுதியான பிறகே முதல் தட்டலை ஆப்புக்கு அனுப்புகிறது. அந்த ஷார்ட்கட்டை எடுத்துவிட்டு, உருப்பெருக்கம் தேவைப்பட்டால் மிதக்கும் பட்டனாக வைத்துக்கொள்ளுங்கள். தாமதம் அந்த நொடியே போய்விடும்.

அது காரணமில்லை என்றால், பவர் சேவிங் மோட் ஓடுகிறதா என்று பாருங்கள். 120 ஹெர்ட்ஸ் திரை 8.3 மில்லிநொடிக்கு ஒருமுறை படம் மாற்றும். பவர் சேவிங்கில் அது பெரும்பாலும் 60 ஹெர்ட்ஸுக்கு இறங்கும், 16.7 மில்லிநொடி. பழகிய விரலுக்கு இந்த வித்தியாசம் தெரியும். சாம்சங்கில் 'மோஷன் ஸ்மூத்னஸ்', பிக்சலில் 'ஸ்மூத் டிஸ்ப்ளே' என்ற பெயரில் டிஸ்ப்ளே பகுதியில் இதை மாற்றலாம். விளம்பரங்களில் வரும் 'டச் சாம்ப்ளிங் ரேட்' வேறு. விரலை நொடிக்கு எத்தனை முறை தேடுகிறது என்பது அது. படம் மாறும் வேகத்தையும் இதையும் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

கேள்வி: யாரும் தொடாமலே ஆப்கள் திறக்கின்றன, எழுத்துகள் விழுகின்றன. சார்ஜ் போட்டால் இன்னும் மோசம். வைரஸா?

வைரஸ் என்று சந்தேகிப்பதற்கு முன் சார்ஜரைச் சந்தேகியுங்கள். திரை அளப்பது மிக நுண்ணிய மின்மாற்றம். தரமில்லாத சார்ஜரில் மின்னிரைச்சலை வடிகட்டும் பாகங்கள் சரியாக இருக்காது. அந்த இரைச்சல் போனுக்குள் ஏறும்போது, திரைச் சிப்புக்கு அதுவே பத்து விரல்கள் வைத்தது போலத் தெரியும். சார்ஜரைக் கழற்றியதும் சரியாகிறது என்றால் போனில் பழுதில்லை. போனோடு வந்த சார்ஜர், கேபிள் இரண்டையும் போட்டுப் பாருங்கள். ஒன்றை மட்டும் மாற்றிப் பார்த்தால் எது தவறு என்று தெரிந்துவிடும்.

சார்ஜர் இல்லாமலும் பேய்த்தொடுதல் தொடர்ந்தால், இந்த வரிசையில் போங்கள். போனை அணைத்து, திரையை மெல்லிய மைக்ரோஃபைபர் துணியால் துடைத்து, கவரையும் கிளாஸையும் கழற்றுங்கள். இறுக்கமான கவரின் விளிம்பு திரையோரத்தை அழுத்தினாலே ஓரத்தில் தொடுதல் விழும். பிறகு சேஃப் மோடில் ஏற்றுங்கள். பவர் மெனுவில் 'பவர் ஆஃப்' என்பதை விரலால் ஊன்றிப் பிடித்தால் பெரும்பாலான ஆண்ட்ராய்டு போன்களில் 'சேஃப் மோட்' வரும். அதில் நீங்கள் போட்ட ஆப்கள் எதுவும் ஓடாது. அங்கே தொல்லை இல்லையென்றால், திரைமேல் மிதக்கும் ஆப்கள், தானாகத் தட்டும் ஆப்கள், அக்சஸிபிலிட்டி அனுமதி வாங்கிய ஆப்கள் ஆகியவற்றை ஒவ்வொன்றாக நீக்குங்கள். சேஃப் மோடிலும் தொடர்ந்தால் அது வன்பொருள்தான். விரிசல், உள்ளே போன ஈரம், மாற்றிய டிஸ்ப்ளேயின் தரம் என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம்.

ஒன்றை மட்டும் உடனே பாருங்கள். முன்பு ஆடாத போன் இப்போது மேசையில் படுக்க வைத்தால் ஆடுகிறதா? திரையின் ஓரம் சட்டத்திலிருந்து கொஞ்சம் எழும்பியிருக்கிறதா? அப்படியென்றால் பேட்டரி வீங்கித் திரையை உள்ளிருந்து தள்ளிக்கொண்டிருக்கிறது. பேய்த்தொடுதல் அதன் விளைவு. சார்ஜ் போடாதீர்கள். எழும்பிய திரையைக் கையால் அழுத்தி உட்கார வைக்கப் பார்க்காதீர்கள், பேட்டரி கிழிந்து தீப்பிடிக்கலாம். அணைத்துவிட்டு சர்வீஸுக்குக் கொண்டுபோங்கள்.

கேள்வி: கீபோர்டில் ஒரே வரிசை மட்டும் விழவில்லை. ஆப் கோளாறா, திரை கோளாறா என்று வீட்டிலேயே கண்டுபிடிக்க முடியுமா?

முடியும். முதல் சோதனைக்கு எந்த ஆப்பும் வேண்டாம். போனைப் படுக்கைவாட்டில் திருப்புங்கள். கீபோர்டு இடம் மாறும். இப்போது அந்த வரிசை வேலை செய்து, கண்ணாடியில் பழைய இடமே இன்னும் செத்துக் கிடந்தால் திரைதான் கோளாறு. கீபோர்டோடு சேர்ந்து கோளாறும் நகர்ந்தால் ஆப் கோளாறு. கீபோர்டு ஆப்பின் 'கேஷ்' எனும் தற்காலிகக் கோப்புகளைத் துடைத்து அப்டேட் செய்யுங்கள்.

துல்லியமாகப் பார்க்க, ஆண்ட்ராய்டில் செட்டிங்ஸ், 'அபவுட் போன்', அதில் 'பில்ட் நம்பர்' என்பதை ஏழு முறை தொடுங்கள். சாம்சங்கில் அது 'சாஃப்ட்வேர் இன்ஃபர்மேஷன்' உள்ளே இருக்கும். 'டெவலப்பர் ஆப்ஷன்ஸ்' திறக்கும். அதில் 'இன்புட்' பகுதியில் 'பாயின்டர் லொகேஷன்' போடுங்கள். இனி விரல் போகும் பாதையெல்லாம் கோடாக விழும். மேலே எக்ஸ், ஒய் எண்கள் ஓடும். திரையின் இடது ஓரத்திலிருந்து வலது ஓரம் வரை, ஒரு விரலகலம் விட்டு ஒரு விரலகலம், மேலிருந்து கீழே கோடு கிழியுங்கள். பிறகு குறுக்காகவும். கோடு எல்லா முறையும் ஒரே உயரத்தில் அறுந்தால், அந்த இடத்து மின்கடத்திக் கோடோ அதன் இணைப்போ போய்விட்டது. மேலே 'பி' என்ற ஆங்கில எழுத்துக்குப் பக்கத்தில் எத்தனை விரல்கள் பட்டிருக்கின்றன என்ற எண் இருக்கும். விரலே வைக்காமல் அது ஏறினால், முந்தைய கேள்வியில் சொன்ன பேய்த்தொடுதல். வேலை முடிந்ததும் ஸ்விட்சை அணையுங்கள். டெவலப்பர் ஆப்ஷன்ஸில் அர்த்தம் தெரியாத மற்ற எதையும் தொடாதீர்கள்.

சாம்சங்கில் டயல் பேடில் *#0*# அடித்தால் பல மாடல்களில் சோதனைப் பக்கம் வரும். அதில் 'டச்' தேர்ந்தெடுத்து, கட்டங்கள் எல்லாம் நிறம் மாறும் வரை விரலால் நிரப்புங்கள். மாறாத கட்டம் எதுவோ, அதுதான் செத்த இடம்.

திரை முழுதும் சாகும் முன் ஒரு காரியம் செய்துவிடுங்கள். போனின் சார்ஜ் துளையில் மாட்டும் ஓடிஜி இணைப்பான் ஒன்றில் சாதாரண யூஎஸ்பி மவுஸைச் செருகினால் பெரும்பாலான ஆண்ட்ராய்டு போன்களில் அம்புக்குறி வரும். டச் இல்லாமலே பின் எண் போட்டு, படங்களையும் தொடர்பு எண்களையும் காப்பி எடுத்துவிடலாம்.

கேள்வி: சட்டைப் பையில் இருக்கும்போது போன் தானாக யாரையாவது அழைத்துவிடுகிறது.

மெல்லிய துணி, அதில் வியர்வை ஈரம், அதற்குப் பின்னால் உடம்பு. திரைக்கு இது விரல்தான். திரை வெளிப்பக்கம் பார்க்கும்படி போனை வையுங்கள், பாதி தொல்லை தீரும். திரை பையில் தானாக விழித்துக்கொள்வதைத் தடுக்க, இருமுறை தட்டினால் எரியும் வசதியையும் தூக்கினால் எரியும் வசதியையும் அணையுங்கள். சாம்சங்கில் 'அட்வான்ஸ்டு ஃபீச்சர்ஸ்' உள்ளே 'மோஷன்ஸ் அண்ட் ஜெஸ்சர்ஸ்'. ஐபோனில் 'டாப் டு வேக்' என்பது அக்சஸிபிலிட்டியின் 'டச்' பக்கத்திலும், 'ரெய்ஸ் டு வேக்' டிஸ்ப்ளே பக்கத்திலும் இருக்கின்றன. சாம்சங்கில் டிஸ்ப்ளே பகுதியில் 'ஆக்ஸிடெண்டல் டச் ப்ரொடெக்‌ஷன்' போடுங்கள், இருட்டான இடத்தில் தொடுதலை அது தடுக்கும். சில கம்பெனிகளில் இதன் பெயர் 'பாக்கெட் மோட்'. பவர் பட்டனை அழுத்தியதும் போன் உடனே பூட்டிக்கொள்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

கேள்வி: திரையின் ஓரத்திலிருந்து இழுத்து மெனுவைத் திறக்கப் போனால், ஆப்பே மூடிக்கொள்கிறது.

2019-ல் ஆண்ட்ராய்டு 10 கொண்டுவந்த 'பேக்' சைகை அது. ஓரத்திலிருந்து உள்ளே தள்ளினால் பின்னால் போகும். அந்த ஓரப்பட்டையின் அகலத்தைக் குறைக்கலாம். செட்டிங்ஸ், 'சிஸ்டம்', 'ஜெஸ்சர்ஸ்', 'நேவிகேஷன் மோட்', அதில் ஜெஸ்சர் நேவிகேஷன் பக்கத்துப் பற்சக்கரம். இடது ஓரத்துக்கும் வலது ஓரத்துக்கும் தனித்தனி அளவு இருக்கும். சாம்சங்கில் 'டிஸ்ப்ளே', 'நேவிகேஷன் பார்', 'ஸ்வைப் ஜெஸ்சர்ஸ்', 'மோர் ஆப்ஷன்ஸ்'. மெனு இடதுபுறம் என்றால் இடதை மட்டும் குறைத்து, வலதைப் 'பேக்'குக்கு விட்டுவிடுங்கள். ஓரம் உயர்ந்த தடித்த கவர் போட்டிருந்தால் குறைக்காதீர்கள், விரல் ஓரத்தை எட்டவே எட்டாது. இதெல்லாம் வேண்டாம் என்றால் பழைய மூன்று பட்டன்களுக்கே மாறலாம். அதில் குறைச்சல் ஒன்றுமில்லை.

கேள்வி: பழைய ஐபோனில் ஐகானை அழுத்தினால் சட்டென்று மெனு வரும். புதியதில் எவ்வளவு அழுத்தினாலும் தாமதமாகத்தான் வருகிறது.

2015-ல் ஐபோன் 6எஸ்ஸோடு வந்த '3டி டச்' திரையின் கீழே நிஜமாகவே அழுத்தத்தை அளந்தது. 2019-ல் ஐபோன் 11 வரிசையில் அதை எடுத்துவிட்டு 'ஹாப்டிக் டச்' வைத்தார்கள். இது நேரத்தை மட்டும் அளக்கிறது, எவ்வளவு அழுத்தினாலும் ஒன்றுதான். ஆனால் அந்த நேரத்தைக் குறைக்கலாம். 'அக்சஸிபிலிட்டி', 'டச்', 'ஹாப்டிக் டச்' போய் 'ஃபாஸ்ட்' தேர்ந்தெடுங்கள். ஐஓஎஸ் 17 முதல் இந்த வேகம் இருக்கிறது.

அதே 'டச்' பக்கத்தின் அடியில் 'பேக் டாப்' இருக்கிறது. போனின் முதுகில் இரண்டு அல்லது மூன்று தட்டு தட்டினால் ஸ்க்ரீன்ஷாட், டார்ச் என்று விரும்பியது நடக்கும். ஐபோன் 8-லிருந்து கிடைக்கிறது. பிக்சலில் 'குவிக் டாப்', சாம்சங்கில் 'குட் லாக்' ஆப்பின் 'ரெஜிஸ்டார்' பகுதி. இது தொடுதிரை வேலை அல்ல, அசைவை உணரும் சென்சாரின் வேலை. அதனால் மேசையில் வைக்கும்போதுகூட தானாக இயங்கக்கூடும். இரண்டு தட்டை விட்டு மூன்று தட்டுக்கு வைத்தால் அந்தத் தொல்லை குறையும். பிக்சலில் பலமாகத் தட்டினால் மட்டும் கேட்கும்படியும் வைக்கலாம்.

கேள்வி: பேனா ஒன்று வாங்கினேன், பக்கத்து வீட்டுக்காரர் போனில் எழுதுகிறது, என் போனில் எழுதவில்லை.

கேலக்ஸி நோட், எஸ்21 அல்ட்ரா முதல் வந்த எஸ் அல்ட்ரா வரிசை போன்களில் எஸ் பென்னுக்கென்று திரைக்கு அடியில் தனியாக ஒரு மின்காந்தத் தகடு இருக்கிறது. அந்தத் தகடு இல்லாத போனில் எஸ் பென் வெறும் பிளாஸ்டிக் குச்சி. ஆப்பிள் பென்சில் ஐபேடுக்கு மட்டும், ஐபோனில் எழுதாது. உங்கள் போனுக்கு ரப்பர் நுனியோ வட்டத் தகடு நுனியோ உள்ள சாதாரண பேனா போதும். ஆனால் அதை விரலாகத்தான் போன் பார்க்கும் என்பதால், எழுதும்போது உள்ளங்கையைத் திரையில் வைக்கக் கூடாது.

கேள்வி: இரண்டு வயதுக் குழந்தை வீடியோ பார்க்கும்போது திரையெல்லாம் தட்டி எதையாவது திறந்துவிடுகிறது. டச்சை மட்டும் நிறுத்தி வைக்க வழி உண்டா?

ஐபோனில் 'கைடட் அக்சஸ்' இதற்கென்றே இருக்கிறது. அக்சஸிபிலிட்டியில் அதை ஆன் செய்து, ஒரு பாஸ்கோடு வையுங்கள். வீடியோவை ஓடவிட்டு, பக்கவாட்டுப் பட்டனை மூன்று முறை அழுத்துங்கள். 'ஆப்ஷன்ஸ்' தொட்டு 'டச்' என்பதை அணைத்துத் தொடங்கினால் திரை எதற்கும் அசையாது. திரையின் ஒரு பகுதியை மட்டும் விரலால் வட்டமிட்டு அங்கே மட்டும் டச்சை நிறுத்தவும் முடியும். வெளியே வர மறுபடி மூன்று அழுத்தம், பாஸ்கோடு.

சாம்சங்கில் 'இன்டராக்‌ஷன் அண்ட் டெக்ஸ்டெரிட்டி' உள்ளே 'இன்டராக்‌ஷன் கண்ட்ரோல்' என்று பார்த்து ஆன் செய்யுங்கள். வீடியோ ஓடும்போது பவர், வால்யூம் அப் பட்டன்களைச் சேர்த்து அழுத்தி, டச் வேண்டாத பகுதியை வரைந்து அடைத்துவிடலாம்.

மற்ற ஆண்ட்ராய்டுகளில் 'ஆப் பின்னிங்' உண்டு. செக்யூரிட்டி பகுதியில் அதை ஆன் செய்து, கூடவே 'வெளியேறும் முன் பின் (PIN) எண் கேட்கவும்' என்ற விருப்பத்தையும் போடுங்கள். சமீபத்திய ஆப்கள் பட்டியலில் அந்த ஆப்பின் ஐகானைத் தொட்டு, வரும் மெனுவில் 'பின்' (Pin) என்பதைத் தேர்ந்தெடுத்தால், குழந்தை அந்த ஆப்பை விட்டு வெளியே போக முடியாது. ஆனால் ஆப்புக்குள் தட்டுவதை இது தடுக்காது, அடுத்த வீடியோ மாறத்தான் செய்யும். சில வீடியோ ஆப்களில் ஓடும் படத்தின்மேல் பூட்டுப் படம் ஒன்று இருக்கும். பின்னிங்கோடு அதையும் சேர்த்துப் போட்டால் முழுப் பூட்டு கிடைக்கும்.